உப்புச் சரியாக விழுந்த நாள்

அந்த வருஷத்து நோன்பு மாதத்தில் பாதிக்கு மேல் போயும் கமறியாவின் வீட்டுக் கஞ்சி ஒரு நாளாவது வாய்க்கு இதமாக இருந்ததில்லை. ஒரு நாள் உப்புக் கரிக்கும். மறுநாள் சுடுதண்ணியைக் குடித்த மாதிரிச் சப்பென்று இருக்கும். ஆனால் குறிஞ்சிப்பிட்டியில் அத்தனை சந்தோஷமாகக் கஞ்சி குடித்த வீடு வேறு இருந்திருக்காது.

காரணம் இதுதான். நோன்பு பிடித்துக்கொண்டு சமைக்கிறவள் உப்புப் பார்க்க முடியாது. தேவைக்கு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் மௌலவி பயான் பேச்சில் சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கியில் அது ஊருக்கே கேட்டது, கமறியாவுக்கு மட்டும் கேட்கவில்லை. துப்பினதில் ஒரு துளி உள்ளே போகவில்லை என்பதற்கு யார் சாட்சி என்பது அவள் கட்சி. நோன்போடு உப்புப் பார்க்கிற பெண்களைப் பற்றி அவள் சொல்லுகிற வார்த்தைகளை இங்கே எழுதாமல் விடுவது நல்லது. ஆகவே அந்த வீட்டில் உப்புப் பார்க்கிற பொறுப்பு, மாதத்தில் தொழுகையும் நோன்பும் இல்லாத நாட்களில் இருக்கிற பெண்ணுக்கு உரியது. கமறியாவுக்கு அந்த நாட்கள் நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது மருமகள் மபாஸா ஒருத்திதான்.

ஒவ்வொரு நோன்பிலும் ஒரு கிழமை, ஆறேழு நாள், மபாஸா உப்புப் பார்ப்பாள். அந்தக் கிழமை கஞ்சி கஞ்சியாக இருக்கும். முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன் ஹில்மியும் அவனுடைய தம்பி ஃபாஹிமும் இரண்டாந்தரம் கோப்பையை நீட்டுவார்கள். பக்கத்து வீட்டுப் பரீனாவுக்கு அனுப்பும் கஞ்சி வாளி வழித்துத் துடைத்துத் திரும்பி வரும். யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் விளங்கிவிடும், மபாஸாவுக்கு இந்த மாதமும் ஒன்றுமில்லை என்று. ஒரு பெண்ணின் உடம்புச் சமாச்சாரத்தை ஊருக்கு அறிவிக்க இதைவிட லேசான வழி இருக்க முடியாது. கல்யாணம் முடித்த முதல் நோன்பில் வெட்கமாக இருந்தது. பிறகு வெட்கம் போய் எரிச்சல் வந்தது. இது ஒன்பதாவது நோன்பு. எரிச்சலும் தேய்ந்துபோய்விட்டது.

இந்த முறை தலைநோன்பிலிருந்தே உப்புக் கெட்டுப்போய்த்தான் இருந்தது. முதல் பத்து நாளும் போனது. நடுப்பத்தும் பாதி போனது. மபாஸா ஒரு நோன்பும் விடவில்லை. கமறியா கஞ்சியைக் குடித்து முகத்தைச் சுளித்து, சுளித்த முகத்தோடேயே சிரிப்பாள். கரிக்கிறது என்று ஃபாஹிம் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டான். கமறியா அவனைப் பார்த்த பார்வையில் மிச்சக் கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தான்.

அதற்குப் பிறகு கமறியா மருமகளைத் தண்ணீர் வாளி தூக்க விடவில்லை. முற்றம் கூட்டுகிற தும்புத்தடியைப் பறித்துக்கொண்டாள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எல்லோரையும் எழுப்பிவிட்டு அவளைக் கடைசியில் எழுப்பினாள். நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து அவள் பீங்கானில் வைத்தாள். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கண்பட்டுவிடும் என்று பயம். ஹில்மி பாலாவி உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவன். தள்ளிப்போயிருக்கிற விஷயத்தை மபாஸா அவனிடம் மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து பின்னேரங்களில் லொறி சீட்டுக்குக் கீழே செவ்விளநீர் வரத் தொடங்கியது.

இந்தக் கவனிப்புதான் மபாஸாவைக் களைக்கவைத்தது. முற்றம் கூட்டினால் முதுகு வலிக்கும், உட்கார்ந்தால் ஆறும். இந்த மாதிரி எல்லோருடைய நம்பிக்கையையும் தூக்கிக்கொண்டு நடந்தால் எங்கே இறக்கிவைத்து ஆறுவது? சந்தியிலே மருந்துக்கடையில் பிள்ளை உண்டா என்று சோதிக்கிற பட்டி வாங்கலாம். அவள் வாங்கவில்லை. ஒற்றைக் கோட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறாள் என்பது அவளுக்கும் அந்தக் குளியலறைக்கும்தான் தெரியும். தெரியாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் கையில் இருக்கிற நாள் என்று அவள் நினைத்தாள். தலை சுற்றும்போது நோன்பை விடச் சொல்லி ஹில்மி கெஞ்சினான். வயிற்றில் பிள்ளை இருப்பவளுக்கு அனுமதி உண்டுதானே என்றான். இருக்கிறது என்று யார் சொன்னது? ஒரு நோன்பை விட்டாலும் வீடு அதை வேறு விதமாகத்தான் படிக்கும். அதனால் சுவரைப் பிடித்துக்கொண்டாவது நோன்பு பிடித்தாள்.

சீஸ் இதற்குள் வந்த கதை சின்னது. ஒரு நாள் மத்தியான லுஹர்த் தொழுகைக்குப் பிறகு அவள் கட்டிலில் சரிந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமி குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தபடியால் சத்தத்தை அமர்த்தியிருந்தாள். நகத்துக்குச் சிவப்புப் பூசிய ஒரு பெண் உருளைக்கிழங்கு உருண்டைக்குள் சீஸ் துண்டை வைத்து, ரொட்டியை உதிர்த்த பாண்தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டாள். பொன்னிறமாக எழும்பி வந்ததை இரண்டு கையாலும் பிய்த்தாள். உள்ளே இருந்து சீஸ் நூல் நூலாக இழுபட்டது. "இதத் திங்கணும் போல இரிக்கு" என்று மபாஸா தன்பாட்டில் சொன்னாள்.

நோன்பு நேரத்து மத்தியானத்தில் மனிதர்கள் பிஸ்கட் விளம்பரத்தைப் பார்த்துக்கூட அப்படிச் சொல்வார்கள். கமறியா ஓதுவதை நிறுத்தினாள். ஓதிய ஆயத்து வசனத்தை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள், அதிலே குறை சொல்ல முடியாது. மருமகளின் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையை நிறைவேற்றாமல் விட்டால் என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்கு ஒரு பெரிய அட்டவணையே மனப்பாடம். அன்று பின்னேரமே சிலாபத்தில் இருக்கிற மகள் ஷிம்லாவுக்கு ஃபோன் எடுத்தாள். வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க எல்லோரும் வரவேண்டும் என்றாள். குரலைத் தாழ்த்தி, "ஒரு விசேஷம் இரிக்கும் போல" என்றாள். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மபாஸாவுக்கு அது கேட்டது. ஓடிப்போய் ஃபோனைப் பறிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் அடுத்த கோப்பையைக் கழுவினாள்.

அதுவரை அந்த வீட்டுக்குள் சீஸ் என்பது காய்ச்சல்காரருக்குப் பாணோடு கொடுக்கிற சின்ன முக்கோணத் துண்டுதான். வியாழக்கிழமை ஹில்மி புத்தளம் டவுனில் பெரிய கட்டிச் சீஸ் வாங்கி, மீன்காரனிடம் கேட்டு வாங்கிய ஐஸில் புதைத்து, லொறியில் கொண்டுவந்தான். கமறியா அதை மோந்து பார்த்தாள். பால் கெட்டால் இப்படித்தான் மணக்கும் என்றாள். பிறகு, மருமகள் முகம் வாடிவிடுமோ என்று பயந்து, நல்ல மணம்தான் என்று மாற்றிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வேலை தொடங்கியது. முந்தினநாள் பாணைத் துண்டு போட்டுத் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்திருந்தார்கள். அதை மபாஸா போத்தலை உருட்டித் தூளாக்கினாள். சீஸைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டி ஐஸ்பெட்டிக்குள் வைத்தாள். கமறியா கிழங்கை அவித்துத் தோலுரித்துச் சூட்டோடு பிசைந்தாள். மிளகுத்தூள், பொடியாக அரிந்த பச்சைமிளகாய், கொத்தமல்லி இலை எல்லாம் போட்டாள். கடைசியில் கட்லட்டுக்குப் போடுகிற மாதிரி உள்ளங்கையில் உப்பை அள்ளித் தூவினாள். முப்பது வருஷமாகக் கட்லட்டுக்கு அளந்த கை. கிழங்கைப் பார்த்ததும் அது தன் அளவைத் தானே எடுத்துக்கொண்டது.

உருண்டை பிடித்து நடுவில் சீஸை வைத்து மூடுகிற வேலை மபாஸாவுடையது. வெடிப்பு இருந்தால் எண்ணெயில் சீஸ் பீறிக்கொண்டு வந்துவிடும் என்று அவள் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் பலதரம் உருட்டினாள். முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி, மறுபடியும் முட்டையில் தோய்த்து, மறுபடியும் தூளில் புரட்டினாள். எதற்கு இரண்டு சட்டை, குளிருதாமா என்று கமறியா கேட்டாள். அப்போதுதான் மொறுமொறு என்று வரும் மாமி, ஒற்றைப் பூச்சு எண்ணெயில் உரிந்துவிடும் என்று இவள் சொன்னாள். கமறியாவுக்கு அன்று எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. மபாஸாவும் சிரித்தாள். அவளுக்கு அடிவயிற்றில் காலையிலிருந்தே ஒரு இழுவை இருந்தது. நோன்புக் களைப்பு என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒன்பது வருஷமாக மாதாமாதம் பழகிய வலியை அடையாளம் தெரியாத மாதிரி நடிப்பது பெரிய வேலை. அதையும் செய்தாள்.

உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொஞ்சம் படுத்தாள். பின்னேர அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது எழுந்து கைகால் கழுவி ஒளுச் செய்யப் போனாள்.

குளியலறையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மூட வேண்டும் என்று தோன்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவளுக்கு வந்தது களைப்பு மட்டும்தான். ஹில்மியிடம் சொல்ல வேண்டும், மாமியிடம் சொல்ல வேண்டும், சிலாபத்திலிருந்து வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். செவ்விளநீர் நின்றுபோகும். தும்புத்தடி கைக்குத் திரும்பி வரும். பரவாயில்லை, வரட்டும். ஆனால் இதையெல்லாம் நடத்தி முடிக்கிற அந்த ஒரு பின்னேரத்தை யாராவது தனக்காக வாழ்ந்து தந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தாள்.

வெளியே வந்தபோது கமறியா அறையில் தொழுதுகொண்டிருந்தாள். தொழுகைக்குப் பிறகும் அவள் துஆ இலேசில் முடிவதில்லை. இந்த நாட்களில் அது நீண்டுகொண்டே போனது, எதைக் கேட்கிறாள் என்று சொல்லத் தேவையில்லை. மபாஸா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டித் தாச்சியை வைத்துத் தேங்காயெண்ணெய் ஊற்றினாள். கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. பூச்சு நிற்கிறதா என்று பார்க்க ஒரு உருண்டையை மட்டும் போட்டாள். அது அடியில் கிடந்து, குமிழ் கட்டி, மெல்ல எழும்பி வந்தது. வெடிக்கவில்லை. நல்ல பொன்னிறமாகத் திரும்பியது. எடுத்துப் பீங்கானில் வைத்துப் பிய்த்தாள். ஃபோனில் கண்ட மாதிரியே சீஸ் நூலாக இழுபட்டது. ஸஹரிலிருந்து வெறும் வயிறு. இப்போது நோன்பும் இல்லை. யோசிக்காமல் வாயில் வைத்தாள்.

ஓடு மொறுமொறுவென்று உடைந்தது. அடுத்த கணம் உப்பு நாக்கைப் பிடித்தது. சாதாரணக் கரிப்பு இல்லை, கடல்தண்ணி. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, சீஸிலேயே உப்பு இருக்கிறது. கிழங்குக்குத் தனியாக அவ்வளவு உப்புப் போட்டிருக்கக் கூடாது. அந்தச் சிவப்பு நகக்காரி அதைச் சொல்லித்தான் இருப்பாள். சத்தத்தை அமர்த்திப் பார்த்தவளுக்கு எங்கே கேட்டிருக்கும்.

மென்றுகொண்டே நின்றாள். இதை இப்படியே பொரித்துவைத்தால் என்ன? உப்புக் கெட்டுப்போனால் இந்த வீட்டில் யாருக்கும் கோபம் வராது, சந்தோஷம்தான் வரும். ஷிம்லா மதினி ஒரு கடி கடித்துவிட்டு உம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவாள். இன்னும் ஒரு நாள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உப்பைச் சரிப்படுத்தினால் அந்த நிமிஷமே கதை முடிந்தது. ஆனால் நோன்பு திறந்ததும் மஃரிபுக்கு எல்லோரும் சேர்ந்து தொழ நிற்பார்கள். தொழுகை இல்லாதவள் தொழுகிற மாதிரி நடிப்பாளா? அல்லாஹ்வுக்கு முன்னால் போய் நிற்கிற பொய்யா? சரி, இன்றைக்கு எதையாவது சொல்லித் தப்பினாலும் நாளைக்கு? இன்னும் ஒரு நாளைக்கு அந்த நம்பிக்கையைச் சுமக்க அவளிடம் பலம் இல்லை.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள். கமறியா தொழுகைச் சால்வையோடு குசினி வாசலில் நின்றாள்.

வாயில் இருந்ததை மறைக்கலாம். கையைப் பொத்தலாம், திரும்பிக்கொள்ளலாம். மபாஸா மெல்லுவதை நிறுத்தவில்லை. மாமியைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினாள். கமறியாவின் முகம் அவள் கண்முன்னாலேயே விழுந்தது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லுவாள், ஏன் முதலில் சொல்லவில்லை என்று ஏசுவாள் என்று மபாஸா காத்திருந்தாள். எண்ணெய் புகையத் தொடங்கியது. கமறியா வந்து அடுப்பைக் குறைத்தாள்.

"உப்பு?" என்றாள்.

"கூட, மாமி. சரியான கூட."

கமறியா தலையை ஆட்டினாள். கிழங்குக் கூடையை இழுத்துவைத்துக்கொண்டு தோல் சீவத் தொடங்கினாள். அவித்துத் தோலுரிக்க நேரமில்லை. சீவித் துண்டு துண்டாக வெட்டிக் கொதிதண்ணியில் போட்டாள். மபாஸா குளிர்ந்துகிடந்த உருண்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக உடைத்தாள். எத்தனை கவனமாக உருட்டியவை. உள்ளிருந்த சீஸைத் தனியே எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்தாள். புதுக் கிழங்கை உப்பில்லாமல் பிசைந்து பழையதோடு சேர்த்தார்கள். பாண்தூள் போதவில்லை, கமறியா ரஸ்க்கை இடித்துத் தந்தாள். இரண்டு பேரும் தரையில் பலகையில் உட்கார்ந்து மறுபடியும் உருட்டினார்கள். இந்த முறை இரண்டு சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு தரம் கமறியாவின் கை நின்றுவிட்டது. கிழங்கு ஒட்டிய விரல்களோடு அவள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மபாஸாவுக்கு மாமியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கு மன்னிப்பு என்று நினைத்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கும் பலமில்லை. அது வந்த வழியே போய்விட்டது.

ஹில்மி ஃபோன் எடுத்தான். பாலாவிச் சந்தியில் நிற்கிறேன், ஐஸ் வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். உடம்பு எப்படி என்று கேட்டான். அவளுக்குத் தொண்டை வரை வந்தது. லொறி ஓட்டுகிற மனுஷனுக்கு இதைச் சொல்லி அனுப்புவதா? பரவாயில்லை, பார்த்து வாங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுபடியும் ஒன்றைப் பொரித்து அவளே பார்த்தாள். இந்த முறை சரியாக இருந்தது. மொறுமொறுப்புக்குள்ளே கிழங்கின் மென்மையும் சீஸின் உப்பும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக் கொடுத்து, நல்ல ருசி. மாமியிடம் அப்படிச் சொன்னாள். மிச்சத்தைப் பீங்கானில் வைத்துவிட்டு மற்ற உருண்டைகளைத் தாச்சியில் போட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது கமறியா அந்த மிச்சத்திலிருந்து ஒரு பொருக்கைக் கிள்ளி எடுத்திருந்தாள். சின்னப் பொருக்கு. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி நுனியில் வைத்தாள். உடனே பின்கதவைத் திறந்துகொண்டு போய் வேலிப் பக்கம் துப்பினாள். வாளியிலிருந்து தண்ணீர் அள்ளிக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள். ஒரு வாளித் தண்ணீரும் முடியும் வரை துப்பிக்கொண்டே இருந்தாள்.

"மாமி, என்ன செய்யிற? நோன்போட..."

கமறியா சேலைத் தலைப்பால் வாயை ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஷிம்லா கேப்பா, உப்பு ஆரு பாத்த எண்டு. நோன்போட பொய் சொல்ல ஏலா. இப்ப நான்தான் பாத்த எண்டு சொல்லலாம்" என்றாள். வாயை இன்னொரு தரம் ஒற்றிவிட்டு, "இண்டைக்கு ஒரு நாளைக்காவது உங்கள ஆரும் ஒண்டும் கேக்காம இரிக்கட்டும் மகள்" என்றாள்.

மபாஸா எண்ணெயில் உருண்டைகளைத் திருப்பிக்கொண்டே நின்றாள். அழுவதற்கு இல்லை என்று நினைத்த தெம்பு எங்கிருந்தோ வந்து கண்ணை மறைத்தது. ஒரு உருண்டை கருகிவிட்டது.

சூரியன் இறங்குமுன் சிலாபத்து வான் வந்து நின்றது. ஷிம்லா, அவள் புருஷன் நஜாத், இரண்டு பெண்பிள்ளைகள். ஷிம்லா பெரிய உடம்புக்காரி, பெரிய வாய்க்காரி, மனதும் அப்படித்தான். வந்ததும் மபாஸாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மெலிந்துபோய்விட்டாய், நல்லதுதான், முதல் மாதங்களில் அப்படித்தான் இருக்கும் என்று கண்ணாலேயே சொன்னாள். மபாஸாவின் கையில் ஒரு பையைத் திணித்தாள். உள்ளே மாங்காய் இருந்தது, பச்சை, புளிப்புச் சாதி. மபாஸா வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

ஹில்மி வந்து குளித்தான். ஆண்கள் முன்னறையில் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் குசினியை ஒட்டிய அறையில் உட்கார்ந்தார்கள். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போனது. கஞ்சியை அன்று பள்ளியிலிருந்து எடுத்திருந்தார்கள், அதில் வீட்டுச் சமாச்சாரம் எதுவும் இல்லை. பிறகு சீஸ் உருண்டைத் தட்டுச் சுற்றி வந்தது. பிள்ளைகள் பிய்த்து நூல் இழுத்துச் சிரித்தார்கள். ஷிம்லா ஒன்றை எடுத்துக் கடித்தாள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொரு கடி கடித்தாள். மெல்லுவது மெல்ல மெல்ல நின்றது.

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். இந்த வீட்டு உப்பின் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உம்மாவைப் பார்த்தாள், மபாஸாவைப் பார்த்தாள்.

"உப்புச் சரியா இரிக்குதே உம்மா. ஆரு பாத்த?"

"நான்தான்" என்றாள் கமறியா. "நுனி நாக்குல வெச்சிப் பாத்துத் துப்பின."

ஷிம்லாவுக்கு அதை நம்ப முடியவில்லை. நோன்போடயா என்று கேட்டாள். ஓம் என்றாள் கமறியா. அவ்வளவுதான், ஷிம்லா பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் தான் ஒரு நாள் கறிச்சட்டி ஆணத்தை விரலால் தொட்டதற்கு அகப்பையால் அடித்தது யார் என்று கேட்டாள். போன வருஷம் தன் மாமியார் உப்புப் பார்த்ததைச் சொன்னபோது ஃபோனிலேயே அவளை நரகத்துக்கு அனுப்பினது யார் என்றாள். வயது போகப் போக உம்மாவுக்கு நோன்பும் விளையாட்டாகிவிட்டது, அந்தச் சீஸைக் கண்டதும் நாக்கு நிற்கவில்லை போலும் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் வேண்டுமென்று நோகடிக்கவில்லை. விசேஷம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் சிரித்தாள். உம்மும்மா நோன்புக் கள்ளி என்று பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

கமறியா குனிந்து கஞ்சிக் கோப்பையைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த கோப்பை அது. அவள் காது சிவந்திருந்ததை மபாஸா பார்த்தாள். யாருக்கும் தலைகுனியாத மனுஷி, தன் நோன்பைப் பற்றி ஒரு சொல் பொறுக்காத மனுஷி, அங்கே பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மபாஸா வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இந்த இரவு அவளுக்கு இனாமாகக் கிடைக்கும். யாரும் கேட்கமாட்டார்கள். படுத்துத் தூங்கலாம்.

"மாமி பாக்கமுந்தி நான் பாத்த, மதினி" என்றாள்.

ஷிம்லாவின் சிரிப்பு முகத்திலேயே தங்கி நின்றது.

"எனக்கு இண்டைக்கு நோன்பில்ல. அஸருக்குத்தான் தெரிஞ்ச. உப்புச் சரி பண்ணினது நான். மாமி நாக்குல வெச்சது என்ன மறைக்க."

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. ஆனால் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முன்னறையிலும் சத்தமில்லை. ஹில்மியும் அங்கே அந்த உருண்டையைக் கடித்திருப்பான் என்று மபாஸாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு முந்தி அது போய் அவனிடம் சொல்லியிருக்கும். அவள் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. நெஞ்சு ஒரேயடியாக வலித்தது, கூடவே ஒரு பாரம் இறங்கியது.

ஷிம்லா பிள்ளைகளைத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் சொல்லி எழுப்பி அனுப்பினாள். பிறகு உம்மாவின் முழங்காலில் கையை வைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்த வார்த்தை அந்தப் பெரிய வாயிலிருந்து வெளியே வரவில்லை.

கமறியா மருமகளைத்தான் பார்த்தாள். கோபமாகவே பார்த்தாள்.

"நான் என்னத்துக்கு அத நாக்குல வெச்ச எண்டு தெரியாதா உங்களுக்கு? இவள் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறா. என்னத்துக்கு நீங்க வாயத் திறந்த?"

"தெரியும் மாமி" என்றாள் மபாஸா. "அதாலதான் திறந்த."

கமறியா சேலைத் தலைப்பால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டு, அஸரிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். மபாஸா எழுந்து போய் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். சும்மா தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தாள், வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. பள்ளியில் தொழுகைக்கு இகாமத் சொல்லுவது கேட்டது. கமறியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போகிறபோது உருண்டைத் தட்டை மருமகள் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நாங்க தொழுதிட்டு வாறம். நீங்க தின்னுங்க மகள், ஆறிப் போகும்" என்றாள்.